விசிறிப் புழுவுக்கு மஞ்சள் போட்டது

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டிக்கொண்டு வருகிறாள். அவளைப் பற்றிச் சொல்வதை வெட்டக் கூடாது என்று முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன்.

பேத்தி இங்கே பினாங்கில் கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறாள். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வாளியோடு வந்து நின்றாள். நண்டாக இருக்கும், ரசம் வைக்கலாம் என்று நினைத்துப் பூண்டைக் கூட எடுத்துவிட்டேன்.

"பாட்டி, பூண்ட வை. இது புழு."

"புழுவா? வீட்டுக்குள்ளயா?"

"ரெண்டு நாளைக்குத்தான்லா. லேப்புல காத்து மெஷின் கெட்டுப்போச்சு. நான் நாளைக்கு கூட்டாளி நிச்சயதார்த்தத்துக்கு அக்கரைக்கு, செபராங் ஜெயா போவணும். ஃபெர்ரியில கொண்டுபோனா வாளி ஆடும், பாவம்."

என் இடுப்பு வலிக்கு ஒரு நாள் பாவம் என்று சொன்னவள் இல்லை. (தட்டு, தட்டு, இதையும் தட்டு.)

பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கடல் தண்ணீரை ஊற்றி அதை விட்டாள். படகுத்துறைத் தூணிலிருந்து பெயர்த்தபோது புழு குடியிருந்த குழாய் கிழிந்துவிட்டதாம். பப்பிள் டீ குடிக்கிற, உள்ளே இருப்பது தெரிகிற பெரிய ஸ்ட்ராவை வெட்டி உள்ளே போட்டாள். புழு பின்பக்கமாக நெளிந்து நெளிந்து அதற்குள் போய்க் குடியேறிவிட்டது. வாடகை வீடு மாற எனக்கு மூன்று மாதம் ஆனது.

கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ராவின் வாயில் பூ பூத்தது. பழுப்பும் வெள்ளையுமாக இறகுகள் வட்டமாக விரிந்து, விசிறி மாதிரி. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த இறகால்தான் மூச்சு விடுமாம், அதாலேயே சாப்பிடுமாம். தண்ணீரில் வருவதைப் புடைத்து, நொய்யை விழுங்கும், கொஞ்சம் பெரிய மணலை வீடு கட்ட எடுத்து வைக்கும், ரொம்பப் பெரியதை வெளியே தள்ளும். அரிசி புடைக்கத் தெரியாத என் மருமகளை நினைத்துக்கொண்டேன்.

இறகுக்குக் கீழே சட்டைக் காலர் மாதிரி ஒரு மடிப்பு. அப்புறம் நெஞ்சு, எட்டு வளையம். அதற்கப்புறம் வயிறு, வளையங்களுக்குக் கணக்கே இல்லை. நெஞ்சில் முடி மேலே, கொக்கி கீழே. வயிற்றில் கொக்கி மேலே, முடி கீழே. தைத்தவன் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டு வந்து மாற்றித் தைத்துவிட்டான் போல. பேத்தி சொன்ன இன்னொன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழாய்க்கு ஒரே வாசல் என்பதால், கழிவு வாலிலிருந்து ஒரு வாய்க்கால் வழியாக மேலே ஏறி முன்வாசலுக்கு வந்துதான் வெளியேறுமாம். எங்கள் ஃபிளாட் லிஃப்ட் மாதிரிதான். காய்கறியும் அதில்தான், குப்பையும் அதில்தான்.

"இவ்வளவு தெரிஞ்சும் அது என்னா புழுன்னு தெரியலையா?"

பேத்தியின் முகம் சுருங்கியது. இறகுகளில் ஜோடி ஜோடியாகக் கறுப்புக் கண்களும், அந்த இறகுகளின் முதுகில் குட்டிக் குட்டி நாக்குகளும் இருந்தால் ஓர் இனம். இரண்டும் இல்லாவிட்டால் வேறோர் இனம். திங்கட்கிழமை அவள் வாத்தியாரிடம் எது என்று சொல்லியாக வேண்டும். இருப்பதோ ஒரே புழு. ஸ்பிரிட்டில் போட்டுக் கொன்று, இறகைப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் அவர். உயிரோடேயே படம் பிடித்துக் காட்டுகிறேன், அதுவரை விட்டுவையுங்கள் என்று இவள் தவணை கேட்டிருந்தாள்.

படம் எடுக்கப் போனை நீட்டினாள். நிழல் விழுந்ததும் பூ சட்டென்று உள்ளே போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தது. நீட்டினாள், போய்விட்டது. சாயங்காலம்வரை இதே கூத்து. கிடைத்ததெல்லாம் ஸ்ட்ரா படம்தான்.

"திங்கக்கெழம கொன்னுதான் ஆவணும் போல" என்றாள். சோறு சரியாக இறங்கவில்லை அவளுக்கு.

சனிக்கிழமை அவள் போனதும் மேல்வீட்டு அக்கா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சும்மா பார்க்க மாட்டார், தணிக்கை செய்வார். அவர் குனிந்தார், பூ ஒளிந்தது.

"உதுக்குக் கண் இருக்கு. இல்லாட்டி நான் வாறது எப்பிடித் தெரியும்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. உடனே பேத்திக்குப் போன் போட்டேன்.

"அது போதாது பாட்டி. தனியாக் கண்ணு இல்லாத இனமும் நெழலு பட்டா ஒளிஞ்சுக்கும்."

"கண் இல்லாம எப்பிடிப் பாக்கும்?" என்று அக்கா போனைப் பிடுங்கிக் கேட்டார். நிச்சயதார்த்த மேளத்தில் பதில் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அதைக் கவனித்தேன். ஸ்ட்ராவுக்குள் புழுவின் நெஞ்சில் ஒரு கீறல். தூணிலிருந்து பெயர்த்தபோது பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முழங்கால் சிராய்த்தாலும், பூனைக்குக் காது கிழிந்தாலும், கறிவேப்பிலைச் செடியின் கிளை ஒடிந்தாலும் மருந்து ஒன்றுதான். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் கரைத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன்.

புழு மஞ்சளைப் புடைத்துப் புடைத்து வெளியே தள்ளியது. அப்புறம் ஒரு தரம் உதறியது. அழகான அந்த இறகுக் கொத்து கழுத்தோடு கழன்று கிண்ணத்தின் அடியில் போய் விழுந்தது.

மேலே பார்த்து அக்காவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"என்ன தங்கச்சி செய்து போட்டீர்? தலை போயிட்டுது. இனி நீர் தலை முழுகிறதுதான் மிச்சம்."

"புழுவுக்கெல்லாம் தலை முழுவணுமாக்கா?"

"வீட்டுக்குள்ள செத்திருக்கே."

முழுகிவிட்டேன். எதற்கு வம்பு. பிறகு வாளியில் மீதியிருந்த கடல் தண்ணீரை வேறு கிண்ணத்தில் ஊற்றி, உடம்பு இருந்த ஸ்ட்ராவை அதில் வைத்தேன். இறகுக் கொத்தைக் கரண்டியால் அள்ளி ஒரு வெள்ளைத் தட்டில், கொஞ்சம் உப்புத் தண்ணீரோடு வைத்தேன். தலை வேறு, உடம்பு வேறாகக் கொடுத்தால் பேத்தி என்ன சொல்வாள் என்று மதியம் பூராவும் சாப்பிடவில்லை. அப்பளம் மட்டும் நாலு.

சாயங்காலம் வந்தாள். புடவையைக் கூட மாற்றாமல் நேராக அடுப்படிக்கு.

"பாட்டி, தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?"

சொன்னேன். தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். போனில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டிக் குனிந்தாள். நிழல் விழுந்தது. இறகு எங்கேயும் ஓடவில்லை. எங்கே ஓடும்?

ஊசியால் ஓர் இறகை விலக்கினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முதுகைத் தடவினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு."

போனில் பார்த்தேன். மஞ்சள் இறகில் கடுகு கடுகாகக் கறுப்புக் கண்கள், ஜோடி ஜோடியாக. இறகின் முதுகில், ஓரம் பூராவும் குட்டிக் குட்டி நாக்குகள்.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் பின்னால் நின்ற அக்கா.

"செத்தது செத்துருச்சேம்மா" என்றேன்.

"யாரு செத்தா?" மற்றக் கிண்ணத்து ஸ்ட்ராவை மெல்லத் தட்டினாள். உடம்பு உள்ளே நகர்ந்தது. "பயந்தா இது எறகுக் கிரீடத்தக் கழட்டிப் போட்டுரும். கொஞ்ச நாள்ல திரும்ப மொளைக்கும். இனி ஸ்பிரிட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அக்கா என் ஈரத் தலையைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் பல்கலைக்கழகத்திலிருந்து பேத்தி போன் போட்டாள். வாத்தியார் கண்களையும் நாக்குகளையும் ஒத்துக்கொண்டுவிட்டாராம். புழுவைக் கொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம். ஆனால் இறகு மஞ்சளாக இருப்பது அந்த இனத்துக்கே உண்டான நிறமா என்று கேட்டாராம்.

"என்னா சொன்ன?"

"மஞ்சளுக்கு மலாய்ல குஞ்ஞிட், அதத்தான் சொன்னேன். மலாய்க்காரரு, ஒடனே புரிஞ்சுருச்சு. எவ்வளவு போட்டதுன்னு ரிப்போர்ட்ல எழுதச் சொல்றாரு. எவ்வளவு பாட்டி?"

"ஒரு சிட்டிகை."

"கிராம்ல சொல்லு."

"கிராம்ல போட்டிருந்தா பாவம், செத்துருக்கும்" என்றேன்.