வியாழனுக்கு ஒன்று, நிலாவுக்கு எட்டு

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது நடந்தது. நாளும் மணியும் அச்சிலேயே இருக்கின்றன. ஆண்டு 1933. பட்டவன் மதுரை மேலமாசி வீதியில் போட்டோக் கடை வைத்திருந்த சின்னச்சாமி. பேராசை பிடித்த மனிதன். அதை மறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

சென்னையில் வானம் பார்க்கிறவர்கள் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். வியாழனின் பட்டைகளும் நான்கு நிலாக்களும் ஒரே படத்தில் விழ வேண்டும். எடுத்தவர் பெயரோடு அட்டையில் போடுவோம் என்று அறிவித்தார்கள். அன்று போன தூக்கம் சின்னச்சாமிக்குத் திரும்பி வரவில்லை.

சொல்வது சுலபம். வியாழன் பளீரென்று இருக்கும். டெலஸ்கோப்பின் மூடியைத் திறந்து ஒன்று எண்ணுவதற்குள் மூடிவிட வேண்டும். தாண்டினால் பட்டைகள் வெந்து, படத்தில் வெறும் வெள்ளை உருண்டைதான் மிஞ்சும். நிலாக்களோ மங்கல். எட்டு எண்ணினால்தான் விழும்.

இதற்கு வழி கண்டவன் சுருளி. சின்னச்சாமியின் மனைவி ஒச்சாயிக்குக் கூடப்பிறந்த தம்பி, கடையில் கூட்டாளி. ஒரு கம்பி நுனியில் மிளகளவு கறுப்புக் காகிதம் ஒட்டினான். முன்னால் நின்று சின்னச்சாமி மூடியைத் திறப்பான். பின்னால் சுருளி எண்ணுவான். ‘ஒண்ணு’ என்றதும் கேமராப் பெட்டிக்குள் கம்பியை நகர்த்தி வியாழனை மட்டும் மறைப்பான். கிர்ர்... என்று சத்தம் வரும். எட்டில் மூடி விழும்.

மார்ச் 17. விஷயம் கசியக் கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் இருவரும் கீழக்குயில்குடி மலைப்பாறைக்கு ஏறினார்கள். எல்லாம் பூட்டி முடித்த பிறகு சுருளி வாய் திறந்தான்.

“படத்துக்குக் கீழ எம் பேரும் வரணும் மச்சான்.”

“கடை யாருது மாப்ள?”

“எண்ணுறது யாரு?”

சின்னச்சாமிக்குச் சுருக்கென்று தைத்தது. படம் விழும் கண்ணாடிப் பிளேட்டு ஒன்றுகூட எடுக்காமல் டெலஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். இருந்த ஒரே அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். இருட்டில் கிடந்து புத்தி வரட்டும் என்ற கொழுப்பு. பாதி வழியில், மேலே கல் உருண்டது. ஓர் அலறல். கடிகாரத்தைப் பார்த்தான். 8.40.

அவன் திரும்பிப் போகவில்லை. மறுநாள் ஊர்க்காரர்கள்தான் பிணத்தைப் பார்த்தார்கள். போலீசுக்கும் ஒச்சாயிக்கும் அவன் ஒரே பதிலைச் சொன்னான்.

“நான் கடையிலதான் இருந்தேன். அவன் தனியாப் போயிருக்கான்.”

ஒச்சாயி நம்பினாள். அந்தப் பொய் வெளிப்பட்டால் தன் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும்.

ஆனாலும் ஆசை விட்டதா? மே மாதம் புதுப் பிளேட்டுகள் வாங்கிக்கொண்டு அதே பாறைக்குத் தனியாகப் போனான். முதல் நாள் ஒன்று எண்ணி மூடினான். பட்டைகள் இருந்தன, நிலா இல்லை. மறுநாள் எட்டு. நிலாக்கள் இருந்தன, வியாழன் வெந்து போயிருந்தது. குழாய் நீளம், முன்னால் மூடியையும் பின்னால் கம்பியையும் ஒரே ஆளால் பிடிக்க முடியவில்லை.

மே 20. மணி 7.50. கடைசிப் பிளேட்டு. காற்றே இல்லை.

மூடியைத் திறந்தான்.

“ஒண்ணு...”

அவன் வாய் அசையவில்லை.

கிர்ர்...

பெட்டிக்குள் கம்பி நகர்ந்தது. பின்னால் யாருமில்லை.

“ரெண்டு... மூணு...”

ஓடத்தான் நினைத்தான். படமும் வேண்டும். நின்றான்.

“ஆறு... ஏழு...”

குரல் காதோரம் வந்துவிட்டது.

“எட்டு. மூடு மச்சான். பேரு உனக்கே.”

உயிரோடு இருந்தவரை சுருளி அவனை ‘நீ’ என்று சொன்னதே இல்லை.

அன்றே வீட்டு இருட்டறையில் பிளேட்டைக் கழுவினான். பட்டைகள், நான்கு நிலாக்கள்... அப்பழுக்கில்லை. பயம் அங்கேயே செத்துவிட்டது. ‘கீழக்குயில்குடி மலை, மே 20, 7.50’ என்று குறித்துச் சென்னைக்கு அனுப்பினான்.

ஜூன் கடைசியில் பத்திரிகை வந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் சோலை ஓடிவந்து, ஒச்சாயிக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

“படம், மதுரை சின்னச்சாமி. கீழக்குயில்குடி மலை. அன்பர் தேதியை மறந்து எழுதிவிட்டார். நிலாக்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத் திருத்தியிருக்கிறோம். மார்ச் 17, இரவு 8.40.”

சோலை சிரித்தபடி நிமிர்ந்தார். ஒச்சாயி சிரிக்கவில்லை.

“அன்னிக்குக் கடையில இருந்தேன்னு சொன்னீகளே?”

சின்னச்சாமி பத்திரிகைக்குக் கை நீட்டினான். அவள் பத்திரிகையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, போலீஸ் கச்சேரிக்கு நடந்தாள். எம்புட்டு நம்புனேன், எம்புட்டு நம்புனேன் என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனாளாம்.

சின்னச்சாமி விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கியது முதல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். ஒன்றை மட்டும் மறுத்தான். படம் எடுத்தது மே 20-தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். யாரும் நம்பவில்லை. சென்னைக்காரர்கள் இரண்டு முறை கணக்குப் போட்டார்கள். மார்ச் 17, 8.40. அதில் மாற்றமில்லை.

பிறகு போலீசார் கடையைச் சோதித்தபோது அந்தப் பிளேட்டு வந்த பெட்டி கிடைத்தது. அதன் அடியில், சீமையில் பிளேட்டைத் தயாரித்த மாதம் அச்சிட்டிருந்தது.

ஏப்ரல், 1933.