அட்டையில் நான்காவது பெயர்

கடல் கடந்து வரும் நாய்க்குக் கால்நடை மருத்துவரின் நலச்சான்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தனியே அடைத்துவைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே விட வேண்டும் என்பது விதி. இதை நான் படித்தது பிற்காலத்தில். ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இலங்கையிலிருந்து வந்த கப்பலில் அம்மாவின் மடியில் இருந்த பிரம்புக்கூடையும், அதிலிருந்து வந்த ஈரக் கம்பளி வாடையும், யாரோ ஒரு கிழவர் தூங்குவது போன்ற மெல்லிய குறட்டையும்தான். கூடைக்குள் ரோசி படுத்திருந்தாள்.

ரோசி "பெக்கினீஸ்" சாதி. சப்பை மூக்கு, துருத்திய கண்கள், தரையைக் கூட்டும் முடி. மடியில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு எந்த உபயோகமும் சொல்ல முடியாத நாய். அப்பா தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமையல்காரர், அம்மாவுக்கு அங்கே நாய்களைக் குளிப்பாட்டி முடி சீவுகிற வேலை. "தொரை" சீமைக்கும் நாங்கள் இந்தியாவுக்கும் புறப்படவிருந்த நாட்களில், இருக்கிற இரண்டு நாய்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி அவர் சொன்னார். புது ஊரில் காவலுக்கு ஆகுமே என்று அப்பா அல்சேஷனைக் காட்டினார். அம்மா சம்மதிக்கவில்லை. "காவல் காக்க நம்மகிட்ட என்ன இருக்கு? பெருச யாரு வேணும்னாலும் வளப்பாங்க. இதுக்குத் தெனமும் கண்ணத் தொடச்சுவிடலன்னா ரெண்டு மாசத்துல குருடாயிரும்." நாய் தேர்ந்தெடுப்பது பற்றி இன்று எத்தனையோ ஆலோசனைகள் கிடைக்கின்றன. நாம் இல்லாவிட்டால் எதனால் முடியாதோ அதை எடுத்துக்கொள் என்பது அவற்றில் இல்லை.

கரையேறியதும், தாயகம் திரும்புகிறவர்களுக்கான முகாமில் ஒரு மேசை. வரிசை வெயிலில் வளைந்து நின்றது. எழுத்தர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா பெயர், அம்மா பெயர், என் பெயர் எல்லாம் முடிந்து, கூடையைப் பேனாவால் காட்டி, "அது?" என்றார். ரோசி என்றாள் அம்மா. வயசு? நாலு. ஆணா, பெண்ணா? பெண். கேட்ட மூன்றுக்கும் உண்மையான பதில். குடும்ப அட்டையில் நான்காவது வரியாக "ரோசி, வயது நான்கு, மகள்" என்று ஏறியது. எழுதப் படிக்கத் தெரிந்த அப்பா அதைக் கவனித்தபோது, எங்களை ஏற்றிய வண்டி கொடைக்கானல் மலையில் பாதி ஏறியிருந்தது.

வில்பட்டிக்குப் போகும் வழியில் எங்களுக்குக் குடியிருப்பு. அப்பாவுக்குத் தோல் பதனிட அனுப்பும் வாட்டில் மரப்பட்டையை உரிக்கிற வேலை. முதல் ஐப்பசியின் குளிர் கதவிடுக்கு வழியாக வந்து எங்களோடு படுத்துக்கொண்டது. இருந்த ஒரே கம்பளி எனக்கு முழங்கால் வரைதான் எட்டும். மிச்சத்துக்கு ரோசி. என் பாதங்களின்மேல் ஏறி, மூன்று முறை சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுப்பாள். "சிலோன்காரங்க" என்று ஒதுங்கிப்போன ஊர்ப் பெண்கள் அவளைப் பார்க்கத்தான் முதன்முதலில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வில்பட்டியிலிருந்து கேரட் சுமந்துவந்த ஒரு அக்கா குனிந்து பார்த்து, "ஏலே, இது நாயா, யாராச்சும் விட்டுட்டுப் போன மப்ளரா?" என்றார். அன்றிலிருந்து அழுகல் நீக்கிய கேரட்டில் ரோசிக்கென்று ஒரு கை எங்கள் படியில் விழுந்தது.

அப்பாதான் தூங்கவில்லை. பொய்யாக ஆள் காட்டினால் வீடு ரத்து என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்தது. அதனால் ரேசன் கடையில் மூன்று பேருக்கு மட்டும் அரிசி போடச் சொன்னார். கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், வரிசைக்கே கேட்கும்படி, "பொம்பளப் புள்ளைக்கு மட்டும் அரிசி வேணாமா? என்ன மனுசன்யா நீ?" என்றார். அடுத்த ஆண்டு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் வந்தது: ஐந்து வயது முடிந்தும் ரோசி ஏன் சேரவில்லை? நேர்மையாக இருந்த ஒரே குற்றத்துக்காக, அப்பா மகளைப் பட்டினி போடுகிறவர் என்று பெயர் வாங்கினார்.

அவர் மனு எழுதினார். "மேற்படி ரோசி என்பது நாய் என்பதையும், நாங்கள் ஒருபோதும் பொய் சொல்லவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." குடியிருப்பு எழுத்தர் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, பெயரை நீக்க இறப்பு, திருமணம், இடமாற்றம் என மூன்றே காரணங்கள்தான் உண்டு என்றார். "காய்ச்சல்ல போயிருச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, வெரசா முடிச்சிரலாம்." அப்பா வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா ரோசியின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. "உசுரோட மடியில கெடக்குறத செத்துப்போச்சுன்னு எழுதுவீங்களா? எழுதுற கைக்கு நான் சோறு போட மாட்டேன்." மனு இருந்தபடியே போயிற்று.

விசாரிக்க வந்தவர் ஒரு வருவாய் ஆய்வாளர். அவர் ஜீப் சத்தம் கேட்டதுமே அப்பா, முகாமிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ரோசிங்குற புள்ள எங்கம்மா?"

"அடுப்படியில படுத்திருக்குங்க."

"ஒடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்லைங்க. குளிருன்னா சோம்பேறித்தனம்."

கூப்பிட்டதும் ரோசி வந்தாள். அவர் பூட்ஸை முகர்ந்து, அது சூடாக இருக்கவே அதன்மேல் உட்கார்ந்தாள். ஆய்வாளர் காலை அசைக்காமல் நின்றார். "ஏம்மா, நாயின்னு அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"நாயான்னு அவரு கேக்கலைங்களே. பேரு கேட்டாரு, வயசு கேட்டாரு."

அவர் அப்பாவின் மனுவை இரண்டு தரம் படித்தார். திறந்துகிடந்த பெட்டியையும் பார்த்தார். பிறகு ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதி, எங்களுக்கு வாசித்தும் காட்டினார்: "நேரில் பார்க்கப்பட்டது. நலமாக உள்ளது. பள்ளிக்கு அனுப்பும் நிலையில் இல்லை." பெயரை நீக்கும் அதிகாரம் தனக்கு இல்லை, மேலிடத்திலிருந்து பதில் வரும் என்றார். அப்பா பெட்டியிலிருந்து துணிகளைத் திரும்ப எடுத்தார்.

பின்னாளில் அதே துறையில் முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் குப்பை கொட்டிய எனக்கு, அந்தக் குறிப்பை எழுதியவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்க வேண்டும் என்று நன்றாகவே தெரியும். அவர் எழுதியதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை என்பதும் தெரியும். அவரை நினைக்காமல் நான் ஒரு கோப்பிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ரோசி இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தாள். அம்மா அவளைக் கொல்லையில் பேரிமரத்தடியில் புதைத்தாள். இப்போதாவது உண்மையாகவே இறந்துவிட்டாள் என்று எழுதலாமே என்றேன். முதல் மனு நிலுவையில் இருக்கும்போது இரண்டாவது போடுவது முறையல்ல என்றார் அப்பா. கடைசிவரை தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்பார்.

சென்ற ஆண்டு அம்மாவும் போன பிறகு, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். கணினி எனக்கு ஒரு தங்கை இருப்பதாகவும் அவளது ஒப்புதல் தேவை என்றும் சொன்னது. "இறந்துட்டாங்கன்னு அஃபிடவிட் போட்ருங்க சார்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். நாய் என்றேன். அவர் திரையில் மேலும் கீழும் தேடிவிட்டு, "நாய்னு ஆப்ஷன் இல்லைங்களே சார்" என்றார், உண்மையான வருத்தத்தோடு. நான் வீட்டுக்கு வந்து, அப்பாவின் மனுவின் நகலை இணைத்து, அதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை மட்டும் எழுதி அனுப்பினேன்.

வாட்டில் காட்டின் அந்தப் பகுதி இப்போது விடுதிகள். ரேசன் கடை இடம் மாறிவிட்டது. பேரிமரம் போன மழையில் சாய்ந்தது. குளிர்கூட அப்படி இல்லை என்கிறார்கள். என் பாதங்கள் ஒப்புக்கொள்ள மறுக்கின்றன.

பதில் ஒரே பக்கம். பார்வை ஒன்றாக அப்பாவின் மனு, பார்வை இரண்டாக அந்த ஆய்வாளரின் குறிப்பு; யாரோ பழைய கட்டுகளை அவிழ்த்துத் தேடியிருக்கிறார். நான்காவது பெயர் பதிவின்போது நேர்ந்த பிழை என்றும், நீக்கப்படுகிறது என்றும், "மனுதாரர் தொடக்கம் முதலே உண்மையைத் தெரிவித்துள்ளார்" என்றும் இருந்தது. மேலே பெறுநர் என்ற இடத்தில் என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர். தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது நான் எழுந்து நின்றுதான் போட்டேன், தேதியோடு: அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை.