தொரை கேட்கிறார்

காலையில் கணினி அறையைத் திறந்ததும் என் முதல் வேலை, முந்தின நாள் பிள்ளைகள் மாற்றி வைத்ததையெல்லாம் பழையபடி ஆக்குவதுதான். ஒன்றில் திரை தலைகீழாக நிற்கும். இன்னொன்று சிங்களத்துக்கு மாறியிருக்கும். ஜன்னலோரக் கணினியில் எழுத்துகள் எப்போதும் பூசணிக்காய் அளவில் இருக்கும். யார் வேலை என்று கேட்டால் வகுப்பே கூரையைப் பார்க்கும். எனக்கு அலுத்துவிட்டது.

ஹட்டனிலிருந்து பழுது பார்க்க வருகிற தம்பிக்கும் அலுத்துவிட்டது. மழை நாளில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதை என்றால் ஓட்டோக்காரர்களே முகம் சுளிப்பார்கள். "எல்லாத்தையும் பூட்டிருவோம் மிஸ். இனி இதுக்கெல்லாம் என்னால ஏறி வர முடியாது" என்று சொல்லிவிட்டார். பூட்டினோம். இனி எதை மாற்றப் போனாலும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். மாற்றினாலும், கணினியை அணைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த பாடத்திலேயே ஒருத்தி கத்தினாள்: "டீச்சர், தொரை கேக்குறாரு!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தோட்டத்தை நிர்வாகம் பண்ணுகிறவர் தொரை; அப்படியானால் திரையில் கடவுச்சொல் கேட்கிற நிர்வாகியும் தொரைதானே. நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் வைக்க அனுமதி கேட்டு, அப்பா ஆபீஸ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். பார்க்கலாம் என்றார் தொரை. அப்பா சாகும்வரை அந்தச் சுவரில் ஜன்னல் வரவில்லை.

சில நாள் நிம்மதியாகப் போனது. பிறகு கவனித்தேன், ஜன்னலோரக் கணினியில் உட்காருகிற பிள்ளை எதுவுமே செய்வதில்லை. இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறவள்.

"என்னம்மா, தூங்குறியா?"

எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "எழுத்து தெரியல டீச்சர். பெருசாக்கணும்னா தொரைகிட்ட கேக்கணுமே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரியில் கண்ணாடி போடச் சொல்லிவிட்டார்களாம். வீட்டில் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப் போகிறதாம். இத்தனை நாளும் யாரையும் கேட்காமல் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத்தான் நான் தினமும் காலையில் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பூட்டை எடுத்துவிட முடியாது. எடுத்தால் மறுநாளே திரைகள் தலைகீழாகும், தம்பியும் வரமாட்டார். பூட்டு இருந்தால், அணைத்ததும் அவளுடைய எழுத்து சிறுத்துவிடும். அதனால் இப்போதும் காலையில் அறையைத் திறந்ததும் எனக்கு வேலை இருக்கிறது. ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, கடவுச்சொல்லைப் போட்டு, எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்கு ஆக்குகிறேன். தினமும் இதே வேலை, அலுப்புத்தான். ஆனாலும் அவள் வருவதற்குள் முடித்துவிடுகிறேன். இன்னொரு முறை அவள் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது.