கோடாங்கியிடம் சொல்லி வைத்தது

தம்பி செத்து நாற்பது நாளாகியும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், பிறகு எழுந்துபோய்க் காக்காய்க்கு வைத்துவிடுவாள். டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரை பிரிக்காமல் கிடந்தது. அவளுக்கு ஒரே ஆசைதான். சோழவந்தான் பக்கம் ஒரு கோடாங்கி இருக்கிறாராம், அவர் உடுக்கை அடித்தால் செத்தவர்கள் அவர் வாயில் வந்து பேசுவார்களாம், அவரிடம் போக வேண்டும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. காளவாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். குறி சொல்கிறவர்கள் எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதிலுள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவனுக்கு எங்கிருந்து பக்தி வரும்?

ஆனால் அம்மா நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். அவளைக் கூட்டிப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் மட்டும் போய்க் கோடாங்கியைப் பார்த்தேன். வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி ஓட்டு வீடு. பனியனோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எப்படிப் பேசுவான், அம்மாவை எப்படிக் கூப்பிடுவான், எந்த இடத்தில் லாரி மோதியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாவச் சாப்பிடச் சொல்லணும். அம்புட்டுத்தான்."

அவருக்குக் கோபமே வரவில்லை. "இது ஒண்ணும் புதுசு இல்லப்பா. பாதிப் பேரு இப்படி முன்னாடியே வந்து சொல்லிட்டுத்தான் போறாக. வேற எதும் சொல்லணுமா?"

கிளம்ப எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தேன். "அண்ணன் மேல வருத்தம் இல்லைன்னும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். தம்பி பரவை மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்த்தான். அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில் எனக்குப் போன் செய்தான். "அண்ணே, வண்டியில லைட்டு எரியல. வந்து கூட்டிட்டுப் போறியா?" கடையில் ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆளும் இல்லை. நான் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "சின்னப் பிள்ளையாடா நீ? மெதுவா ஓட்டிக்கிட்டு வா" என்று சொல்லிக் கட் பண்ணினேன். விளாங்குடி வரைக்கும்தான் வந்தான். அந்தப் போனைப் பற்றி வீட்டில் யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவோடு போனேன். உடுக்கைச் சத்தம் ஏற ஏறக் கோடாங்கியின் தலை ஆடியது. "ஏம்மா, சாப்பிடாம ஏன் கெடக்க? நீ பட்டினி கெடந்தா எனக்கு எப்படிம்மா எறங்கும்?" அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "என் ராசா, வலிச்சுச்சாடா?" அதை நான் சொல்லித் தரவில்லை. கோடாங்கி ஒரு நொடி நிறுத்தி, "இல்லம்மா, தெரியவே இல்ல" என்றார். கடைசியாக, "அண்ணன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லம்மா" என்றார். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். ஆனாலும் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாய்விட்டு அழுதேன்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா தானாகவே கேட்டு வாங்கி நாலு இட்லி சாப்பிட்டாள். நினைத்த காரியம் முடிந்தது என்று எனக்குப் பாரம் இறங்கியது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் சமயநல்லூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏப்பா, உன் மேல அவன் எதுக்கு வருத்தப்படணும்?"

எல்லாம் நான் சொல்லி வைத்தது என்று சொன்னால், சற்று முன்னால்தான் திரும்பக் கிடைத்த பிள்ளையை அவளிடமிருந்து நானே பிடுங்கியது போலாகும். வேறு வழியில்லாமல் போன் வந்ததைச் சொன்னேன். கிரிக்கெட் பார்த்ததையும் சொன்னேன். பஸ் பரவையைத் தாண்டி, விளாங்குடியையும் தாண்டியது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. காளவாசலில் இறங்கும்போதுதான் சொன்னாள்.

"பெத்தவ எனக்கு உன்னைய மன்னிக்க மனசு வரலப்பா. ஆனா அவனே வருத்தம் இல்லைன்னுட்டான். அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

இப்போது அம்மா மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். எனக்கும் முகம் கொடுத்துப் பேசுகிறாள். அமாவாசைக்கு அமாவாசை தம்பிக்குப் படையல் போட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைக்கிறாள். அவன் உண்மையில் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. எந்தக் கோடாங்கியிடமும் நான் போய்க் கேட்க முடியாது.