நட்சத்திர மீனின் ஒரு கை

கடல் உப்புக்கரிக்கும் என்பதை நான் நாக்கால்தான் அறிந்தேன். அக்காவைக் கட்டிய மச்சான் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்த காய்ந்த நட்சத்திர மீனை, புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், "காம்பரா" என்கிற எங்கள் ஒற்றை அறை வீட்டு வாசலில் உட்கார்ந்து, நானும் அக்காவும் மாறி மாறி நக்கிப் பார்த்தோம். எங்கள் லயத்தில் கடலைக் கண்டவர் மச்சான் ஒருவர்தான்.

நட்சத்திர மீனின் கை ஒடிந்தால் மறுபடி முளைக்கும், நடுவுடலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போனால் ஒடிந்த கையே முழு மீனாகிவிடும் என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார். உயிருள்ள மீன் என்றும் சொல்லியிருப்பார். எனக்கு வேண்டியது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அந்த மாதம்தான் அக்காவுக்கும் மச்சானுக்கும் இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்திருந்தது. எங்களுக்கு வரவில்லை.

புறப்படும் காலையில் மீனின் ஒரு கையை ஒடித்து அக்காவின் தகரப்பெட்டிக்குள் வைத்தேன். "அக்கரையில எறங்குனதும் கடல்ல போட்டுரு அக்கா. அதும் வளந்துரும், இங்க இதும் வளந்துரும்" என்றேன். "சரிடி கழுத" என்று என் தலையைக் கோதிவிட்டாள். கண்டி ஸ்டேஷனில், "ஒப்பாரி கோச்சி" என்று எல்லோரும் சொன்ன அந்த ரயில் நகர்ந்தபோது, அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓட, யாரோ இழுத்து நிறுத்தினார்கள்.

மிச்ச மீனைச் சட்டித் தண்ணீரில் கறியுப்புப் போட்டு ஊறவைத்தேன். அது வளர்ந்தால் அக்கா திரும்பி வந்துவிடுவாள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். நாலாம் நாள் லயம் முழுக்க நாறியது. "செத்தது செத்ததுதான்" என்று அப்பா சட்டியைத் தூக்கினார். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா குறுக்கே நின்று, "கெடக்கட்டுங்க, இன்னும் ரெண்டு நாளு பாப்போம்" என்றாள். இரண்டு நாளில் மற்றக் கைகளும் கழன்று மிதந்தன. என்னைவிட அம்மாதான் அதிகம் அழுதாள்.

அடுத்த மாதம் மண்டபம் முகாமிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. "ஒன் மீனு பொழச்சிக்கிச்சு. மத்த நாலு கையும் மொளச்சிருச்சு, கரையில நின்னு பாத்தேன்" என்று எழுதியிருந்தாள். இங்கேயும் முளைத்துவிட்டது என்று நான் பதில் போட்டேன்.

மூன்றாம் வருடம் வந்த கடிதம் மச்சானின் கையெழுத்தில் இருந்தது. முதல் பிரசவத்தில் அக்கா போய்விட்டாள். கடிதம் எங்கள் கைக்கு வருவதற்குள் அவளுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

இப்போது அந்தக் கோச்சியும் இல்லை, அவர்களை ஏற்றிப்போன கப்பலும் இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா எழுதியது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் எழுதியதை அவள் நம்பினாளா என்று கேட்கத்தான் ஆளில்லை.