ஐந்து சின்ன மாத்திரைகள்

அந்த வருஷத்து டைரியில் என் மனைவியின் காய்ச்சல் நேரங்கள் இருக்கின்றன. திங்கள், பகல் இரண்டு மணி: குளிர் தொடக்கம். இரண்டு போர்வை, மேலே ஒரு சாக்கு. மாலை ஐந்து: வேர்வை. செவ்வாய் ஒன்றுமில்லை. புதன், பகல் ஒன்றே முக்கால்: மறுபடியும் குளிர்.

எழுபதுகளின் பிற்பகுதி. சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த வளவில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள். அந்த ஐப்பசியில் நான்கு வீடுகளில் இதே காய்ச்சல். இன்று யாருக்கு முறை என்றுதான் விசாரித்துக்கொள்வோம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலேரியா ஊழியர் வந்து, காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் தேதி போட்டுவிட்டுப் போவார்.

என் பயம் காய்ச்சல் மட்டுமல்ல. மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம். முந்தின வருஷம் இதே மூன்றாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. முன்கூட்டியே நாலு பேரிடம் சொன்னதுதான் காரணம் என்பது அம்மாவின் முடிவு. இந்த முறை ஐந்து மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது.

வியாழன் மாலை ஐந்தரைக்கு நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. முன்பு எடுத்த ரத்தத்தில் மலேரியா என்று தெரிந்துவிட்டதாம். வெள்ளை மாத்திரைகளை ஊழியர் தன் கண்முன்னாலேயே விழுங்கச் செய்திருந்தார். பொட்டலத்தில் இருந்தவை ஐந்து சின்ன மாத்திரைகள். இன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தினம் ஒன்று.

“வேற என்ன கேட்டார்?”

மனைவி சொன்னாள். “உண்டாயிருக்கீயளான்னு கேட்டார்.”

அடுப்படியிலிருந்து அம்மா முந்திக்கொண்டாள். “இல்லேன்னு நாந்தான் சொன்னேன். வீடு வீடாச் சுத்துத ஆளுகிட்ட அதைச் சொல்லச் சொல்லுதியா?”

“காரணமில்லாமலா கேட்டிருப்பார்?”

“நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் முறை. மாத்திரையைத் தடுத்து, அந்தக் குளிர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நீ மணி பாத்து எழுதிக்கிட்டு இருப்பியோ?”

நான் வரும்வரை சாப்பாடு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ஊழியருக்குப் புளியங்குடி. ஆறு மணி பஸ்ஸில் போவார்.

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த ஊழியரிடம், மனைவிக்கு மூன்றாம் மாதம் என்று கீழே நின்றபடியே சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இறங்கி வந்தார்.

“சின்ன மாத்திரை தின்னாச்சா?”

“இல்லை.”

“தின்னக் கூடாது. உண்டான பொம்பளைக்கு அது ஆகாது. வெள்ளை மாத்திரையால பயமில்ல, காய்ச்சல அதுவே நிறுத்திரும். எல்லா வீட்டுலயும் இதே கததான், அண்ணாச்சி. இல்லேங்காவ, நம்பிக் குடுக்கேன். நான் வயித்தத் தட்டியா பாக்க முடியும்?”

“வே, ஏறுதீரா, இல்ல இங்கனயே குடியிருக்கீரா?” என்றார் கண்டக்டர்.

ஏறும்போது ஊழியர் திரும்பினார். “உங்க வளவுல எதிர்வீட்டு மருமகளுக்கும் குடுத்திருக்கேன். அங்கயும் இல்லேன்னுதான் சொன்னாவ.”

ஆறு இருபதுக்கு வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். எதிர்வீட்டில் கேட்க வேண்டுமென்றால் எங்கள் கதையைச் சொல்லியாக வேண்டும். மனைவி எழுந்தாள். முற்றத்தைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் நின்றாள்.

“ஏட்டி, எனக்கு மூணு மாசம். அந்தச் சின்ன மாத்திரை வயித்துப் பிள்ளைக்கு ஆகாதாம். உனக்கும் அப்படின்னா தின்னுராத.”

“அவளுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல,” என்றாள் உள்ளேயிருந்து மாமியார்.

மருமகள் வெளியே வந்தாள். ஒரு கையில் தண்ணீர்த் தம்ளர். மூடியிருந்த மறுகையை விரித்து, மாத்திரையை என் மனைவியின் கையில் வைத்தாள்.

மறுநாள் நான் லீவு போட்டேன். இரண்டு மணி அடித்தது. மனைவியின் பக்கத்தில் மடித்த போர்வைகள் காத்திருந்தன. இரண்டேகால். இரண்டரை. எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்றாள்.

“குளிர் வந்துட்டா, அக்கா?”

“இன்னும் வரல.”

எதுவும் எழுதாமல், டைரியை மடியில் விரித்துவைத்தபடி ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரே வரி எழுதினேன்: வெள்ளி, குளிர் இல்லை.