கணக்குக்கு ஒரு துஆ

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளைகள் அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் கணக்குப் படிப்பிப்பதில் என்னை அடிக்க ஆளில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமுமில்லை. ஓட்டமாவடியில், எங்கள் ஊர்ப் பாடசாலையில் பல வருடம் படிப்பித்துவிட்டு, பனிச்சங்கேணிப் பக்கத்துப் பாடசாலையொன்றுக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே ஆசிரியர்களில் நான் ஒருத்திதான் முஸ்லிம். முதல் நாள் என் முக்காட்டை வேடிக்கை பார்த்த பிள்ளைகள், இரண்டாம் நாளிலிருந்து என் குரலுக்குப் பயந்தார்கள்.

பதினோராம் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். தகப்பன் வாவியில் இறால் பிடிக்கிறவர். அவளுக்குத் தாதியாக வேண்டுமென்று ஆசை. ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குச் சித்தியில்லாவிட்டால் உயர்தரமே இல்லை. தவணைப் பரீட்சைகளில் அவளோ முப்பதைத் தாண்டியதில்லை. எக்ஸைக் கண்டுபிடி என்றால், “அது ஏன் டீச்சர் ஒளிச்சிருக்கு?” என்று கேட்பாள். பள்ளி விட்டதும் பஸ் வரும்வரை அவளை மட்டும் வைத்துக்கொண்டு படிப்பித்தேன். கத்தினேன், கெஞ்சினேன், கொப்பியைத் தூக்கியும் எறிந்தேன். கடைசி மாதத்தில் அவள் தானாகவே சமன்பாடு தீர்த்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் எழுதிய அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பரீட்சைக்கு முந்திய நாள் மண்டபத்தில் ஆசிரியர்கள் எல்லோரும் வரிசையாக நின்றோம். பிள்ளைகள் வெற்றிலை கொடுத்துக் காலில் விழுந்து கும்பிட்டு ஆசி வாங்குவது அங்கே வழக்கம். எங்கள் ஊர்ப் பாடசாலையில் பிள்ளைகள் ஸலாம் சொல்லி, “துஆ செய்யுங்க டீச்சர்” என்று பிரார்த்தனை கேட்டுவிட்டுப் போவதோடு சரி. இப்படியொன்று நடக்கப் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னிடம் முதலாவதாக வந்தவள் அவள்தான். வெற்றிலையை என் கையில் தந்துவிட்டு அப்படியே குனிந்தாள்.

நான் இரண்டடி பின்னால் பாய்ந்தேன். “எழும்பு! இது கூடாது, எழும்பு!” என்று வகுப்பில் கத்துகிற அதே குரலில் கத்தியும்விட்டேன். வெற்றிலை தரையில் விழுந்து சிதறியது. அடுத்து வந்தவர்கள் பயந்து நின்றபடியே வெற்றிலையைத் தந்துவிட்டு நகர்ந்தார்கள். நான் தலை நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது அவளுடைய கூட்டாளி ஓடிவந்தாள். “டீச்சர், அவ அழுதழுது போறா. நீங்க ஆசீர்வாதம் குடுக்கல்லயாம். இனிக் கணக்குச் சோதின எழுதவே போறதில்லையாம்.”

பஸ் வந்தது. என் மகளுக்கும் மறுநாள் அதே பரீட்சைதான். வீட்டில் என் வரவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. விட்டுவிட்டேன்.

வாவியோரம் அவர்களுடைய வீடு. தாய் முகம் சுளிக்கவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டு, “இரிங்க டீச்சர்” என்றார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். பாடம் நடத்தும்போது வராத தடுமாற்றம் எனக்கு அப்போது வந்தது.

“இஞ்ச பாரு மகள், எங்கட மார்க்கத்தில அல்லாஹ்வுக்கு மட்டும்தான் குனியிற. நீ என்ட காலில விழுந்தா, அந்த இடத்துக்கு நான் ஆளில்ல. அதுக்குத்தான் பின்னால போனன். கத்தினது என்ட பிழை. என்ன மன்னிச்சுக்கொள்.”

அவள் கதவை விட்டு வெளியே வந்தாள். “அப்ப எனக்கு ஆசீர்வாதம் இல்லையா டீச்சர்?”

நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தேன். அவளுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே சத்தமாகக் கேட்டேன். யா அல்லாஹ், இந்தப் பிள்ளைக்குப் பின்னத்தைக் கண்டால் பயம் வரக் கூடாது, சமன்பாட்டில் கூட்டல் கழித்தல் அடையாளம் மாறக் கூடாது, நேரம் போதாமல் போகக் கூடாது என்று பாடத்திட்டம் முழுவதையும் ஒப்புவித்தேன். அவளும் என்னைப் போலவே கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். தாய் மெல்ல, “இங்கிலீசுக்கும் சேத்துக் கேளுங்க டீச்சர்” என்றார். கேட்டேன். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

கைபேசியில் நடந்ததைச் சொன்னதும், பின்னேர அசர் தொழுகை முடித்து என் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப்போனார். விசயத்தைக் கேட்டிருந்த மகள் வாசலிலேயே மறித்தாள். “எனக்கும் இப்படிப் பாடம் பாடமாக் கேட்டீங்களா உம்மா?” அவளுக்கும் நின்ற நிலையிலேயே கேட்டேன்.

பெறுபேறு வந்த அன்று என் மகளுக்குக் கணக்கில் ஏ. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். ஆனால் கண் கைபேசியிலேயே இருந்தது. அது அடித்ததும் பாய்ந்து எடுத்தேன்.

“டீச்சர், கணக்குக்கு சீ பாஸ்!” அவளுடைய தாய்தான் பேசினார். அவள் பக்கத்தில் நின்று அழுவது கேட்டது. எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. குசினியில் நின்றபடி, “சீ எடுத்திட்டா! என்ட புள்ள சீ எடுத்திட்டா!” என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன். “உம்மாக்கு என்ட ஏயை விட அவட சீதான் பெரிசு” என்று என் மகள் முகத்தை நீட்டினாள். பொய் சொல்ல மனம் வரவில்லை, அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

“டீச்சர், ஒரு விசயம் சொன்னாக் கோவிக்கமாட்டீங்கதானே?” இன்னும் கைபேசியில் இருந்த தாய் தயங்கினார். “கணக்குச் சோதினையண்டு காலம்பற அம்மன் கோயில்ல மகளுக்கு அர்ச்சனை வச்சனான். உங்கட பேரையும் சேத்துக் குடுத்திட்டன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். உங்களுக்கு ஏது? தெரியாதெண்டு சொல்ல மனம் வரல்ல. மகளின்ட நட்சத்திரத்தையே சொல்லிப்போட்டன்.”

மார்க்கம் தெரிந்தவளாக நான் அதற்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். “என்ன நட்சத்திரம்?” என்று மட்டும் கேட்டேன்.

“அத்தம், டீச்சர்.”

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நட்சத்திரம் கிடையாது. எனக்கு மட்டும் இருக்கிறது.